மாதச் சம்பளம் இல்லாத வீட்டின் கணக்கு

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற வங்கி ஊழியரான நம் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



சென்ற கூட்டத்தில் ஒரு விவாதம் வந்தது. நம் குடியிருப்பில் வீட்டிலிருந்தே தொழில் செய்கிறவர்கள் பெருகிவிட்டார்கள், கூரியர் ஆட்களும் பாட்டுக் கற்க வரும் பிள்ளைகளும் லிஃப்டை நிறைத்துவிடுகிறார்கள் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர், "தொழில் என்னங்க தொழில், வீட்டில் சும்மாதானே இருக்கிறார்கள்" என்றார். இரண்டு பேரும் ஒரே ஆட்களைப் பற்றித்தான் பேசினார்கள். ஒருவருக்கு அது பெரிய வியாபாரமாகத் தெரிகிறது, மற்றவருக்கு வேலையாகவே தெரியவில்லை. அதனால்தான் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "நீங்கள் பி.காம். படித்தவர், வங்கியில் இருந்தவர், இதைப் பற்றி அரை மணி நேரம் பேசுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்.

கணக்கெடுத்துப் பார்த்தேன். கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். வீணை சொல்லிக்கொடுக்கும் அம்மா இருக்கிறார். பிறந்தநாள் கேக் செய்து அலங்கரிப்பவர், சினிமாவுக்கும் தொடர்களுக்கும் வசன வரி மொழிபெயர்ப்பவர், சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரையும் பெண், ஆரி வேலைப்பாடு செய்யும் இரு சகோதரிகள் என்று பதினோரு வீடுகள். இவர்களில் யாருக்கும் 1ஆம் தேதி சம்பளம் வருவதில்லை. அது இல்லாமல் வீடு நடத்துவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

இது நம் ஊருக்குப் புதிதில்லை. நம் வண்ணார்பேட்டையோடு தொடர்புடைய புதுமைப்பித்தனை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பி.ஏ. படித்தவர். தகப்பனார் தாசில்தார். மகனும் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போயிருக்கலாம். அவர் எழுத்தை நம்பிச் சென்னைக்குப் போனார். 'மணிக்கொடி'யில் எழுதினார், 'தினமணி'யில் சில ஆண்டுகள் வேலை பார்த்தார், 1943இல் அங்கிருந்து விலகினார், பிறகு 'தினசரி', அதன் பிறகு சினிமா. சொந்தமாகப் பட நிறுவனம் தொடங்கி 'வசந்தவல்லி' என்று ஒரு படம் எடுக்கப் பார்த்தார், அது நிறைவேறவில்லை. 'ராஜமுக்தி' படத்துக்கு எழுதப் புனே போன இடத்தில் காசநோய் முற்றி, 1948இல் திருவனந்தபுரத்தில் காலமானார். வயது 42தான். அவர் தம் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாக வந்திருக்கின்றன. படித்தால் இலக்கியத்தைவிட பணம் எப்போது வரும், எவ்வளவு அனுப்ப முடியும் என்ற கவலையே அதிகம் கண்ணில் படும். அவருடைய எழுத்துகளை 2002இல் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியது. எழுத்துக்கு மதிப்பு இல்லாமல் போகவில்லை. அந்த மதிப்பு பணமாக வீட்டுக்கு வந்து சேரும் காலத்துக்கும் அரிசி வாங்க வேண்டிய காலத்துக்கும் இடையில் ஒரு மனிதருடைய ஆயுள் கழிந்துவிட்டது.

பாரதியாரும் அப்படித்தான். செல்லம்மாளின் ஊரான கடையத்தில் 1918 முதல் 1920 வரை இருந்தார். 1920இல் தம் எழுத்துகளையெல்லாம் 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிட வேண்டும் என்று திட்டமிட்டு, முதல் செலவுக்கு 20,000 ரூபாய் கடன் கேட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். மொத்தம் 4 லட்சம் பிரதிகள். தீப்பெட்டி, மண்ணெண்ணெய் போல வீடுதோறும் போய்ச் சேரும் என்று நம்பினார். பணம் திரளவில்லை. மறு ஆண்டே அவரும் மறைந்தார். 1949இல் அரசு அவர் எழுத்துகளின் உரிமையை விலைகொடுத்து வாங்கியது. வாசகர் வருவார்கள் என்ற அவருடைய மதிப்பீடு சரிதான் என்று பின்னால் ஊரே நிரூபித்தது. ஆனால் கடன் பிரிவில் உட்கார்ந்து அந்தச் சுற்றறிக்கையைப் படித்தால், "ஐயா, முதலில் இரண்டு புத்தகம் போடுங்கள், விற்ற பணத்தில் மூன்றாவதைப் போடுங்கள்" என்றுதான் எந்தக் குமாஸ்தாவும் சொல்லியிருப்பான். பாரதிக்கே கணக்குச் சொல்கிறானே இவன் என்று நினைக்காதீர்கள். திறமைக்கும் பணப்புழக்கத்துக்கும் தனித்தனி லெட்ஜர் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, இன்றைக்கு வருவோம். படம் வரையும் பெண் என்று சொன்னேன் அல்லவா, அவருடைய தகப்பனார் ஒருநாள் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, இவளுக்கு நீங்கதான் புத்தி சொல்லணும். பேங்க் பரீட்சை எழுதச் சொல்லுங்க. மாப்பிள்ளை வீட்டில் கேட்டா என்னத்தச் சொல்ல?" என்றார். நான் அந்தப் பெண்ணை அழைத்து, பாஸ்புக்கைக் கொண்டுவரச் சொன்னேன். "பாஸ்புக்கா மாமா? வரைஞ்சதைக் காட்டவா?" என்று கேட்டது. "படம் நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியும்மா, பாஸ்புக்கக் கொண்டா" என்றேன்.

ஒரு வருட வரவைக் கூட்டினோம். ஏறத்தாழ 6 லட்சம் ரூபாய். தகப்பனாருக்கே அது தெரியாது. அந்தப் பெண்ணுக்கும் தெரியாது. ஏனென்றால் ஒரு மாதம் 1,10,000 வந்திருக்கிறது, அடுத்த இரண்டு மாதம் ஒன்றுமே வரவில்லை. வராத மாதங்களில் தகப்பனாரிடம் போனுக்கு ரீசார்ஜ் செய்யச் சொல்லிக் கேட்டதுதான் அவர் நினைவில் நிற்கிறது. வந்த மாதத்தில் வாங்கிய ஐபேட்தான் அந்தப் பெண்ணின் நினைவில் நிற்கிறது.

தாமிரபரணிக் கரையில் பிறந்த நமக்கு இந்த வகை வருமானம் தெரியாததா? கார், பிசானம் என்று இரண்டு அறுவடை. களத்துமேட்டில் நெல் குவிந்த அன்றைக்கு எவ்வளவு செழிப்பு, நடவு நேரத்தில் எவ்வளவு முடை! நகையை வைக்க வங்கிக்கு எப்போது வருவார்கள், மீட்க எப்போது வருவார்கள் என்று வயலைப் பார்த்தே எங்களால் சொல்லிவிட முடியும். நாதஸ்வரக்காரர்களும் அப்படியே. காருகுறிச்சி அருணாசலம் அவர்கள் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் வாசித்து 1962இல் நாடெங்கும் புகழ் பெற்றார். ஆனால் அந்தத் தொழிலில் இருந்த எல்லாருக்கும் தையிலும் வைகாசியிலும் ஓய்வில்லாத கச்சேரி, ஆடியில் கல்யாணம் கிடையாது, மார்கழியில் முகூர்த்தமே கிடையாது. இன்று நம் ஆல்பம் தம்பிக்கும், மேக்கப் போடுபவருக்கும், ஆரி வேலை சகோதரிகளுக்கும் அதே பஞ்சாங்கம்தான்.

விவசாயி என்ன செய்வார்? எவ்வளவு கஷ்டம் வந்தாலும் விதைநெல்லைத் தொடமாட்டார். அதையே நாமும் செய்ய வேண்டும். அந்தப் பெண்ணுக்கு நான் போட்டுக்கொடுத்த கணக்கைச் சொல்கிறேன்.

வருட வரவு 6,00,000. இணையம், மென்பொருள் சந்தா, கணினித் தேய்மானம், மின்சாரம், பயணம் என்று தொழில் செலவு 1,50,000. வரிக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஒதுக்கியது 60,000. மிச்சம் 3,90,000. இதை 12ஆல் வகுத்தால் மாதம் 32,500. ஆனால் அத்தனையையும் எடுக்கக்கூடாது. மாதம் 25,000 மட்டும் தனக்குத்தானே சம்பளம். வருடத்துக்கு 3,00,000 ஆயிற்று. எஞ்சும் 90,000 விதைநெல். ஆறு மாதச் சம்பளமான 1,50,000 சேரும்வரை அதைத் தொடக்கூடாது. இப்படியே போனால் 20 மாதத்தில் சேர்ந்துவிடும்.

இதற்கு இரண்டு கணக்குகள் வேண்டும். வருகிற பணமெல்லாம் ஒரு கணக்கில் விழட்டும். மாதம் 1ஆம் தேதி அதிலிருந்து 25,000 வீட்டுக் கணக்குக்குத் தானாக மாறும்படி வங்கியில் உத்தரவு கொடுத்துவிடுங்கள். 1,10,000 வந்த மாதமும் 25,000தான், ஒன்றும் வராத மாதமும் 25,000தான். வங்கியில் எல்லாரும் உடனே தொடர் வைப்பு தொடங்கச் சொல்வார்கள். மாதாமாதம் ஒரே தொகை கட்ட வேண்டிய திட்டம் உங்களுக்கு ஒத்துவராது. பி.பி.எஃப். கணக்கு ஒத்துவரும். வருடத்துக்கு குறைந்தது 500 ரூபாய், அதிகபட்சம் 1.5 லட்சம், பணம் வந்தபோது வந்ததைக் கட்டலாம். 15 ஆண்டு முதிர்வு. பி.எஃப்., கிராஜுவிட்டி இல்லாதவர்களுக்கு அதுதான் கைத்தடி.

அடுத்தது விலை. நம்மவர்கள் பெரும்பாலும் விலையைப் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துச் சொல்கிறார்கள், இல்லாவிட்டால் வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். ஒரு வருடத்தில் 365 நாள். ஞாயிறு 52, பண்டிகை, காய்ச்சல், கல்யாணம், காட்சி என்று இன்னும் 25 நாள் போனால் 288 நாள். நாளுக்கு 8 மணி என்றால் 2,304 மணி நேரம். ஆனால் அத்தனை நேரமும் காசுக்கு வேலை நடக்கிறதா? விசாரிப்பவருக்குப் பதில், மாதிரி அனுப்புவது, பாக்கி கேட்பது, புதியது கற்பது இதற்கே பாதி நேரம் போகிறது. காசு தரும் நேரம் 1,152 மணிதான். 6 லட்சத்தை அதனால் வகுத்தால் மணிக்கு 520 ரூபாய். முழு நேரத்தால் வகுத்தவர் 260 என்று சொல்லிவிட்டு, வருடம் முழுக்க உழைத்தும் பாதிப் பணம் ஏன் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்.

பத்தமடைப் பாயைப் பாருங்கள். புவிசார் குறியீடு பெற்ற பொருள். மணமக்கள் பேரை நெய்து தருகிறார்கள். வாங்குகிறவர் கண்ணுக்குத் தறியில் உட்கார்ந்து நெய்வது மட்டும்தான் தெரியும். கோரையை அறுத்து, காயவைத்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, மெல்லிய இழையாகக் கிழித்து, சாயம் ஏற்றுகிற வேலை தெரியாது. அதைச் சேர்க்காமல் விலை சொன்னால் நெசவாளி சோற்றுக்குத் தாளம் போட வேண்டியதுதான். உங்கள் வேலையிலும் ஊறப்போடும் நேரம் உண்டு. அதையும் விலையில் சேருங்கள்.

மூன்றாவது, முன்பணம். பலருக்குக் கேட்க வெட்கம். தெரிந்தவர், சொந்தக்காரர், எப்படிக் கேட்பது என்பார்கள். மேளக்காரருக்குத் தாம்பூலத்தில் வைத்து அச்சாரம் கொடுத்துவிட்டுத்தான் தேதி வாங்குவார்கள். பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணத்திலும் அதுதான் முறை, அதை யாரும் அவமரியாதையாக நினைக்கவில்லை. வேலை தொடங்குமுன் பாதி, ஒப்படைக்கும்போது மீதி என்று எழுத்தில் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் நாலு வரி போதும். என்ன வேலை, என்ன தொகை, எந்தத் தேதி, எத்தனை முறை திருத்தித் தருவேன். கடைசி விஷயம் மிக முக்கியம். "சின்னத் திருத்தம்தான்" என்று ஆரம்பித்துப் பதினான்காவது திருத்தத்தில் கொண்டுபோய் விடுவார்கள். மூன்று திருத்தம் இலவசம், நாலாவதிலிருந்து இவ்வளவு என்று எழுதிவிட்டால், வாடிக்கையாளரே யோசித்துச் சொல்வார்.

பாக்கி வராவிட்டால்? அந்தப் பெண்ணுக்கு ஒரு பதிப்பகம் 38,000 ரூபாயை ஏழு மாதமாக இழுத்தடிக்கிறது. இதற்குச் சட்டம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டத்தின்படி, பதிவுபெற்ற குறு, சிறு தொழில் செய்பவருக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. புகார் கொடுக்க அரசின் இணையதளம் இருக்கிறது. இதற்கு 'உத்யம்' பதிவு வேண்டும். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் வீட்டிலிருந்தே பதியலாம், கட்டணம் கிடையாது. காசு கேட்கும் இணையதளம் எதுவும் அரசுடையது அல்ல, ஏமாறாதீர்கள். தகராறு வந்த பிறகு பதிந்தால் வழக்கு சிக்கலாகும், அதனால் இன்றே பதிந்துவிடுங்கள். பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சிட்டாலே பாதிப் பேர் ஒழுங்காகக் கொடுத்துவிடுவார்கள்.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. நிறுவனங்கள் உங்கள் கட்டணத்தில் 10 விழுக்காடு வரை டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்பும். அது போனது போனதுதான் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் பான் எண்ணில்தான் அது வரவு வைக்கப்பட்டிருக்கும். கணக்குத் தாக்கல் செய்தால், கட்ட வேண்டிய வரி போக மீதி உங்கள் வங்கிக் கணக்குக்கே திரும்பி வரும். இன்னொரு லாபமும் உண்டு. நாளைக்கு வீட்டுக்கடன் கேட்டால் சம்பளச் சான்றுக்குப் பதிலாக இரண்டு மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கைத்தான் வங்கி கேட்கும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் வேண்டும். அந்த நிலை வந்தவர்கள் சங்கத்துக்கு ஒரு பாயசம் போடுங்கள்.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் நேரம். அலுவலகம் போகிறவரைக் காலை 11 மணிக்கு யாரும் "கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வையுங்கள்" என்று கேட்பதில்லை. வீட்டில் வேலை செய்பவரைக் கேட்கிறோம். அடுத்த வீட்டு பார்சல், மின்வாரிய ஆள், பள்ளியிலிருந்து பிள்ளையை அழைத்து வருவது எல்லாம் அவர் தலையில். ஒரு முறை எழுந்து போய் வந்தால் விட்ட இடத்தைப் பிடிக்க அரை மணி ஆகும். வங்கியில் ஒரு நூறு ரூபாய்க் கட்டை எண்ணும்போது யாராவது கூப்பிட்டால் நாங்கள் முதலிலிருந்து எண்ணுவோம். அவர்களுக்கும் அதேதான்.

வேலை செய்கிறவர்களும் ஒழுங்கு வைத்துக்கொள்ள வேண்டும். மனது ஓடும் நேரத்தில் வரைவது, எழுதுவது, வாசிப்பது. பில், போன், பாக்கி எல்லாவற்றுக்கும் பிற்பகலில் ஒரு மணி நேரம். பாக்கி கேட்க வாரத்தில் ஒரு நாள், எங்கள் வங்கியில் வாராக்கடனுக்கு ஒரு நாள் ஒதுக்கிய மாதிரி. இரவு 10 மணிக்கு வரும் செய்திக்குக் காலையில் பதில் சொன்னால் வானம் இடிந்துவிடாது. வாரத்தில் ஒரு நாள் கட்டாய விடுமுறை. கண்ணும் முதுகும்தான் இந்தத் தொழிலின் முதலீடு. சாயங்காலம் பேராச்சியம்மன் கோயில் படித்துறை வரை நடந்துவிட்டு வாருங்கள், ஆற்றுக் காற்றுக்குக் காசு இல்லை. தனியாகவே இருக்கும் வேலை இது. நாலு முகத்தைப் பார்த்தால்தான் மனது தேறும்.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். "எப்போது நல்ல வேலைக்குப் போவாய்" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இந்த வருடம் வரவு எவ்வளவு, பாக்கி எவ்வளவு, விதைநெல் எவ்வளவு" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குக் கண்ணீர்தான் பதிலாக வரும். இரண்டாவது கேள்விக்குக் கணக்கு வரும். கணக்கு சரியில்லை என்றால் வேறு வேலை தேடச் சொல்வதிலும் தவறில்லை. எல்லாரும் இதில் நிலைத்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. மூன்று வருடம் பார்த்தும் விதைநெல் சேரவில்லை என்றால் ஒரு பகுதி நேர வேலையாவது பிடித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். நம் ஊர் வண்ணதாசன் வங்கி வேலை பார்த்துக்கொண்டேதான் எழுதினார், 2016இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். எந்த வழியானாலும் கணக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள், ஊர் வாயைப் பார்த்துச் செய்ய வேண்டாம்.

அந்தப் பெண் பேங்க் பரீட்சை எழுதப் போகிறதா என்று கேட்பீர்கள். வருகிற பங்குனி வரை இந்தக் கணக்கை நடத்திப் பார்க்கட்டும் என்று தகப்பனார் ஒப்புக்கொண்டிருக்கிறார். உத்யம் பதிவு ஆகிவிட்டது. 38,000 இன்னும் வரவில்லை, நோட்டீஸ் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் இன்று சொல்ல ஒன்றுமில்லை.

கடைசியாகச் சங்கத்துக்கு மூன்று கோரிக்கைகள். ஒன்று, வீட்டுத் தொழிலுக்குக் கூடுதல் பராமரிப்புக் கட்டணம் என்ற யோசனையை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். ஆளையே வைத்து வேலை வாங்கும் தொழிலும், ஒரு மேசையில் உட்கார்ந்து படம் வரைவதும் ஒன்றாகாது. இரண்டு, கூரியருக்குக் காவலாளி அறையில் ஒரு அலமாரியும் ஒரு பதிவேடும் வையுங்கள், லிஃப்ட் நெரிசல் பாதி குறையும். பாட்டு வகுப்புக்கு நேரம் குறித்து அறிவிப்புப் பலகையில் போட்டுவிட்டால் மதியம் தூங்குகிறவர்களுக்கும் சங்கடம் இல்லை. மூன்று, மாதம் ஒரு சனிக்கிழமை மாலை இந்த அறையைத் திறந்து கொடுங்கள். பில் எழுதுவது, உத்யம் பதிவது, டி.டி.எஸ். பார்ப்பது இவற்றில் சந்தேகம் உள்ளவர்கள் பாஸ்புக்கோடு வரட்டும். நானும், தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வுபெற்ற நம் நண்பரும் உட்கார்ந்திருப்போம். கட்டணம் ஒரு கப் காபி.